நடுவில் ஒரு முருங்கைக்காய்

எங்கள் தொழிலில் முன்னால் நிற்பவரை எல்லோருக்கும் தெரியும், பின்னால் நிற்பவரையும் தெரியும். நடுவில் நிற்பவரை ஏதாவது உடைந்த பிறகுதான் தேடுவார்கள். நான் நடுவில் நிற்கிறவள். கம்பைலர் எழுதுகிறேன், அதிலும் அதன் வயிற்றுப் பகுதியை மட்டும். மனிதர் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலரின் வேலை. அதை ஒரே தாவலில் செய்வதில்லை. முதலில் எல்லாவற்றையும் வரிக்கு ஒரு வேலை என்று சின்னச் சின்னதாக உடைத்து, ஒரு பொது வடிவத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். அதற்குத்தான் இன்டர்மீடியட் கோடு என்று பெயர். பாடப் புத்தகத்தில் இடைநிலைக் குறிமுறை என்று போட்டிருப்பார்கள். அதை மனிதரும் படிக்க மாட்டார், மெஷினும் படிக்காது. சம்பளம் வாங்கிக்கொண்டு நான் படிப்பேன்.

மேனேஜர் சொன்னதை வேலையாட்களிடமும், வேலையாட்கள் சொன்னதை மேனேஜரிடமும் கொண்டுபோகிறவர்கள், வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையில் மாட்டிக்கொண்ட புரோக்கர்கள், அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் இது புரியும். நடுவில் ஒரு பேச்சை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

டில்லியின் சந்தேகம்

எங்கள் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடி. கீழே பெயின்ட் அடிக்கிற ஷாப் இருப்பதால் எங்கள் கோடு முழுக்க தின்னர் வாசனையில் எழுதப்பட்டது. அக்கம்பக்கத்து ஷாப்களில் தகடு வளைக்கிற, வெட்டுகிற பிரஸ்களுக்கு நாங்கள் மென்பொருள் தருகிறோம். பிரஸ் ஓட்டுகிறவர் தன் வேலையை எளிய வரிகளில் திரையில் எழுதுவார். அதை அந்த மெஷினை இயக்குகிற கன்ட்ரோலருக்குத் தகுந்தபடி எங்கள் கம்பைலர் மாற்றும். ஒரு ஷாப்பில் ஜெர்மன் கன்ட்ரோலர், அடுத்ததில் தைவான், மூன்றாவதில் யார் செய்தது என்று கடவுளுக்கே தெரியாத ஒரு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முதலிலிருந்து எழுத ஆரம்பித்தால் செத்தோம். அதனால்தான் நடுவில் ஒரு பொது வடிவம், அதனால்தான் நடுவில் நான்.

முதலில் போட்டது பதினாலு பிரஸ் ஓடுகிற ஒரு ஷாப்பில், ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்கு. அதை ஓட்டுகிறவர் டில்லிபாபு. முப்பது வயதிருக்கும், கரையான்சாவடியிலிருந்து பைக்கில் வருகிறவர். மெஷினைச் சுற்றிக் காட்டினார். பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. கை குறுக்கே போனால் அதற்குத் தெரிந்துவிடும். கை தெரிந்த உடனே ரிலே என்கிற ஒரு சுவிட்ச் விழுந்து மெஷினை நேரடியாக நிறுத்த வேண்டும். அந்த ரிலே எரிந்துபோய், புதியது வரும்வரை என்று எலக்ட்ரீஷியன் ஒரு மஞ்சள் வயரை வைத்து அந்த இடத்தை நேரடியாக இணைத்துவிட்டிருந்தார். வந்து சேராத அந்த ரிலேவுக்குப் பதிலாக இப்போது ஒளித்திரையைப் பார்ப்பது டில்லியின் புரோகிராம் மட்டும்தான். மஞ்சள் வயரை நானும் பார்த்தேன். வயரிங் நம் டிபார்ட்மென்ட் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நானும் மறக்கப்போவதில்லை.

அரை மணி நேரம் கம்பைலர், இன்டர்மீடியட் கோடு என்று விளக்கினேன். டில்லி கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். கடைசியில் கேட்டார்: "எழுதறது நானு, ஓடறது மெசினு. நடுவுல நீ இன்னாக்கா பண்ற?"

ஒரே கேள்வி, இரண்டு தடவை

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நடுவில் நான் என்ன செய்கிறேன் என்று காட்டவேண்டும் என்று ஒரு வீறாப்பு. இன்டர்மீடியட் கோடில் நிறைய குப்பை சேரும். ஒரே கணக்கை மேலே ஒரு தடவை போட்டிருக்கும், பத்து வரி தள்ளி மறுபடி போட்டிருக்கும். நடுவில் எதுவும் மாறவில்லை என்றால் இரண்டாவது எதற்கு? முதலில் வந்த விடையையே எடுத்துக்கொள்ளலாம். இது எல்லா கம்பைலர்களும் செய்கிற சுத்தம்தான். எங்களுடையதில் மட்டும் இல்லாமல் இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். ஒரு வாரம் சோதித்தேன். நீளம், அகலம், வளைவு, எந்தக் கணக்கிலும் ஒரு மயிரிழை தப்பில்லை.

கன்ட்ரோலர் பக்கம் கோடு எழுதுவது நஸ்ரின். நான் தருவதை வாங்கி மெஷின் பாஷையில் கொட்டுகிறவள். எல்லாம் சுருங்கி வந்ததைப் பார்த்து அவளுக்கு ஒரே குஷி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே போய் ஏழாம் நம்பரில் புதுப் பதிப்பைப் போட்டாள், டில்லியின் புரோகிராமை அதில் ஒரு தடவை ஓட்டி மாற்றி ஏற்றினாள், "நாளைக்கு புதுசுதான் ஓடும்" என்று டில்லியிடம் சொல்லிவிட்டும் வந்தாள். மற்ற மூன்று ஷாப்களுக்குத் திங்கட்கிழமை என்று ஏற்பாடு. திரும்பி வந்து பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏழாம் நம்பர்ல இருபது வரி காணோம்க்கா. வேற யாராச்சும் இப்படி எடுத்தா திருட்டுன்னு சொல்லுவாங்க, உங்களுக்கு இன்க்ரிமென்ட் குடுப்பாங்க."

பால்

மறுநாள் சனிக்கிழமை. எனக்கு லீவு. ஆவடியில் குவார்ட்டர்ஸ், கணவர் குமரேசன் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. காலை ஏழரைக்கு அடுப்பில் பால் வைத்துவிட்டு, மேடைமேல் லேப்டாப்பைத் திறந்து என் சுத்தத்தை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை நிமிர்ந்து பாலைப் பார்த்தேன், பொங்கவில்லை. மறுபடி லேப்டாப். டில்லியின் புரோகிராம் இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. இருபது வரியில் எது எது போனது என்று ஒவ்வொன்றாக ருசித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உஸ் என்று சத்தம். பால் அடுப்பெல்லாம் வழிந்து, தீயும் அணைந்து, கேஸ் வாசனை. குமரேசன் ஓடிவந்து திருகை மூடினார். "பக்கத்துலயே நிக்கிற, பாலைப் பார்க்கலையா?" என்றார். "பார்த்தேனே" என்றேன். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, துணியைத் தேடிக்கொண்டே கேட்டார்: "எப்ப பார்த்த?"

மரப்பெட்டி

அந்த 'எப்ப'வைக் கேட்டபோது என் கண் லேப்டாப் திரையின் வலது பக்கத்தில் இருந்தது. டில்லி எழுதியிருந்தது நாலே வேலை. ஒளித்திரை காலியா பார். காலி என்றால் தகட்டைப் பிடிக்கிற கிளாம்பை இறக்கு. மறுபடி ஒளித்திரை காலியா பார். காலி என்றால் வெட்டுகிற ராமை இறக்கு. என் சுத்தம் இதைப் பார்த்திருக்கிறது. ஒரே கேள்வி இரண்டு தடவை. நடுவில் புரோகிராமில் எதுவும் மாறவில்லை. ஆகவே இரண்டாவது கேள்வி வேண்டாம், முதல் பதிலே போதும். புரோகிராமில் எதுவும் மாறவில்லைதான். வெளியே ஒரு ஆள் நிற்கிறான், அவனுக்குக் கை இருக்கிறது, தகடு கோணலாக இருந்தால் கிளாம்ப் இறங்கினபிறகும் சரி பண்ணக் கையை நீட்டுவான் என்பது என் கணக்கில் இல்லவே இல்லை. அங்கே எட்டு மணிக்கு ஷிப்ட்.

டில்லிக்குப் போன் அடித்தேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. அப்புறம்தான் உறைத்தது, அந்த ஷாப்பில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் புறாக்கூண்டு மாதிரி ஒரு மரப்பெட்டி, ஆளுக்கொரு பொந்து. போனை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆபத்து வரக்கூடாது என்று போட்ட விதி. எங்கள் ஓனர் சபாபதியைக் கூப்பிட்டேன். "அதெல்லாம் ரிலே பார்த்துக்கும், திங்கக்கிழமை வா" என்றார். மஞ்சள் வயர் என்றேன். "நீ உடனே கிளம்பு" என்றார்.

நைட்டிக்குமேல் துப்பட்டா போட்டுக்கொண்டு ஓடினேனா, மாற்றிக்கொண்டு ஓடினேனா நினைவில்லை. ஆவடியில் ரயில் ஏறி அண்ணனூர், திருமுல்லைவாயில் என்று ஸ்டேஷனுக்கு இரண்டு மூன்று தடவை போன் அடித்தேன். அம்பத்தூருக்கு முன்னால் சிக்னலில் வண்டி நின்றது. எட்டு ஐந்து. எட்டாவது தடவையோ ஒன்பதாவதோ, யாரோ எடுத்தார்கள். வாட்ச்மேன். மரப்பெட்டியில் ஒரே போன் விடாமல் கத்துகிறதே என்று எடுத்திருக்கிறார். ஏழாம் நம்பரை நிறுத்தச் சொல்லுங்கள் என்று நான் கத்தியதில் ரயில் பெட்டியிலிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் நிதானமாகச் சொன்னார்: "லாரி ஒண்ணு உள்ள வந்துகினு கீதும்மா, கேட்டுல என்னை வுட்டா ஆள் இல்ல. அத்த அனுப்பிட்டு சொல்றேன், நீ பதறாத."

பத்து விரல்

பட்டரவாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்குக்கூட நிற்காமல் ஓடினேன். பிரஸ் ஷாப் இருக்கிற தெருவில் நுழைந்தாலே தரை அதிரும். அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் ஏழாம் நம்பரின் சத்தம் உண்டா இல்லையா என்று காதைத் தீட்டிக்கொண்டு போனேன். கேட்டில் லாரி இன்னும் பாதி வெளியே நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தேன். உள்ளே ஏழாம் நம்பர் ஓடவில்லை. அதைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். முதுகுதான் தெரிந்தது.

டில்லி திரும்பினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். எண்ணினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இரண்டு தடவை எண்ணினேன். பத்தும் இருந்தன.

விஷயம் இதுதான். வெட்டுகிற அச்சான டையை மாற்றினாலும் சரி, புது புரோகிராம் போட்டாலும் சரி, டில்லி முதல் தகடு வைக்கும்போது தன் விரலை நம்ப மாட்டார். கரையான்சாவடியில் காய்கறிக் கடையில் ஒரு முருங்கைக்காய் வாங்கி டிபன் பையில் போட்டுக்கொண்டு வருவார். கிளாம்ப் இறங்கியதும் கை எங்கே போகுமோ அங்கே முருங்கைக்காயை நீட்டுவார். காய் ஒளித்திரையை மறைத்தால் மெஷின் நிற்கவேண்டும். முன்பு பக்கத்து பிரஸ்ஸில் ஒருத்தர் "சின்ன மாற்றம்தான்" என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு விரலைக் கொடுத்த நாளிலிருந்து அவருக்கு இது பழக்கம். நஸ்ரின் மட்டும் வெள்ளிக்கிழமை வாயைத் திறந்து சொல்லாமல் வந்திருந்தால் அன்றைக்குப் பையில் காய் இருந்திருக்காது. அன்றைக்கு மெஷின் நிற்கவில்லை. டில்லி காயின் இரண்டு துண்டையும் என் கையில் வைத்தார். வெட்டு அவ்வளவு நேராக இருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அவர் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "மெசின் கிரீசு பட்டுச்சுக்கா, சாம்பாருக்கு ஆவாது. நீயே எடுத்துக்கினு போ."

மூன்று பிரின்ட்-அவுட்

திங்கட்கிழமை காலை சபாபதி அறையில் கூட்டம். டில்லி எழுதுவதை வாங்கி உடைக்கிற கம்பைலரின் முன்பக்கத்தைப் பார்ப்பது சேவியர். அவர் ஒரு பிரின்ட்-அவுட் கொண்டுவந்தார்: இரண்டு கேள்வியும் இருக்கிறது, நான் ஒழுங்காகத்தான் அனுப்பினேன். நஸ்ரின் ஒன்று கொண்டுவந்தாள்: எனக்கு வந்ததே ஒரு கேள்விதான். இரண்டுக்கும் நடுவில் வைக்கவேண்டிய தாள் என்னுடையது. சுத்தம் செய்வதற்கு முன், சுத்தம் செய்த பின். நாலாவது வரியில் இரண்டாவது கேள்வி இருக்கிறது, அடுத்த பக்கத்தில் இல்லை. இன்டர்மீடியட் கோடில் இருக்கிற கஷ்டமே இதுதான், எந்த இடத்தில் யார் தொலைத்தார் என்று அப்பட்டமாகக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தாளை நானே நடுவில் வைத்தேன்.

சபாபதி கெட்டவர் இல்லை. பயந்தவர். "யாருக்கும் ஒண்ணும் ஆகல. சனிக்கிழமையே நீ அதை எடுத்துட்ட. பழைய பதிப்பையே திரும்பப் போட்டுட்டு பேசாம இருப்போம். ரிலேவைச் சுத்தி வயர் போட்டது அவங்க தப்பு" என்றார். அவர் சொன்னது பாதி உண்மை, அதுதான் பிரச்சினை. நாம் பேசாமல் இருந்தால் அந்த மஞ்சள் வயரும் பேசாமல் அங்கேயே இருக்கும். ஏன் அதை உடனே எடுக்கவேண்டும் என்று அந்த ஷாப் ஓனருக்குப் புரியவேண்டும் என்றால், எங்கள் மென்பொருள் ஒரு கேள்வியைத் தின்றுவிட்டது என்று நாங்கள் எழுதித்தான் ஆகவேண்டும். நான் எழுதுகிறேன் என்றேன். வயரை முதல் நாளே பார்த்தேன், சொல்லவில்லை, அதையும் சேர்த்து எழுதுகிறேன் என்றேன். சேவியர் தன் தாளை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் சபாபதி என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எழுது. ஆனா உன் பேர்ல எழுது. கம்பெனி லெட்டர்ஹெட் வேணாம்."

நீயே வை

எழுதினேன். வேலை போகும் என்று நினைத்தேன், போகவில்லை. மெயில் போன மறுநாளே அந்த ஷாப்பில் மஞ்சள் வயர் போய் புது ரிலே வந்தது. இத்தனை நாள் வராத ரிலே எந்தக் கடையில் ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. நான் என் பக்கத்தைத் திருத்தினேன். இன்டர்மீடியட் கோடில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சின்ன அடையாளம் சேர்த்தேன்: இந்தப் பதில் வெளியுலகத்திலிருந்து வருகிறது, போன தடவை என்ன சொன்னது என்று பார்க்காதே, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போய்க் கேள். இந்த வித்தை எனக்குத் தெரியாததில்லை. கல்லூரியில் பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஒளித்திரை என்பது வெளியுலகம் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது கோடில் ஒரு தற்காலிகப் பெயர், வெறும் t1.

திருத்திய பதிப்பை நஸ்ரினிடம் கொடுக்காமல் நானே கொண்டுபோனேன். புரோகிராமைத் தனியாகச் சோதிக்கவேண்டும் என்று, எலக்ட்ரீஷியனைப் பக்கத்திலேயே நிற்க வைத்துப் புது ரிலேவைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தார்கள். எமர்ஜென்சி பட்டன்மேல் அவர் கை. டில்லி பையிலிருந்து முருங்கைக்காயை எடுத்தார். எடுத்தவர் நீட்டாமல் என்னிடம் தந்தார். "நீயே வை" என்றார். நான் அவரைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காயின் கடைசி நுனியைப் பிடித்தேன். முருங்கைக்காய் நீளமானதுதான், ஆனால் அன்றைக்கு அது எனக்குப் போதவில்லை. டில்லி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். கிளாம்ப் டக்கென்று இறங்கியது. நீட்டினேன். காய்க்குமேல் அத்தனை எடை. இரண்டாவது கேள்வி இருக்கிறதா இல்லையா என்று உலகத்தில் அந்த விநாடி எனக்கு மட்டும் தெரியவேண்டியிருந்தது. அந்தக் கோடு முழுவதையும் நூறு தடவை படித்திருந்தேன், ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. ராம் அசையவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. டில்லி பட்டனைவிட்டுக் கையை எடுத்து, என் விரல்களிலிருந்து முருங்கைக்காயை மெதுவாகப் பிரித்து வாங்கி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் டிபன் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இது சாம்பாருக்கு ஆவும்க்கா."

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் எந்தப் புதுப் பதிப்பும் அம்பத்தூர் மார்க்கெட்டில் ஒரு காய் வாங்கிவிட்டுத்தான் வாடிக்கையாளரிடம் போகிறது. அதன் நுனியைப் பிடிக்கிற வேலை மட்டும், நடுவில் இருப்பவள் என்ற முறையில், இன்றுவரை எனக்குத்தான்.